செங்கோட்டைப் பக்கம் பண்ணை வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸ் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆனிக் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம், இரண்டு குடும்பம், பிள்ளைகளோடு ஒன்பது பேர். மெயின் அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு லாட்ஜில் கிடக்கும் என்று மதினிதான் போனில் தேடி இந்த இடத்தைப் பிடித்தார்கள். செங்கோட்டை தாண்டி ஒரு குடும்பப் பண்ணை வீடு. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் போர்டு மாட்டிவிடுவார்கள்.

விளம்பரத்தில் மலை மேல் தங்கல், குதிரை சவாரி, மண்சட்டியில் நாட்டுக்கோழி, அப்புறம் ‘உங்களுக்கே உங்களுக்கான தனி அருவி’. ஒரு நாளுக்கு 14,000 ரூபாய். அதில் பாதியும் டெபாசிட் 3,000-மும் ஜிபேயில் போட்டோம். பணம் போனது யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மலை மேல் என்றது சுத்தப் பொய். தென்னந்தோப்புக்கு அந்தப்பக்கம் மலை தெரிகிறது, அவ்வளவுதான்.

அருவி என்று காட்டியது பச்சை பெயிண்ட் அடித்த சிமெண்டுப் பாறை. தண்ணீர் ஜில்லென்று விழத்தான் செய்தது, மூலிகைத் தண்ணீர் என்று வேறு ஓனர் சொன்னார். பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, அருவியும் நின்றுபோனது. தலை நிறைய சீயக்காயோடு அத்தான் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு மோட்டார், கறுப்புக் குழாய், பாசி பிடித்த தொட்டி. நாங்கள் குளித்த தண்ணீரே மேலே ஏறித் திரும்ப எங்கள் தலையிலேயே விழுந்திருக்கிறது. தொட்டியில் ஒரு ஷாம்பு கவர் மிதந்தது, அது எங்களுடையதும் இல்லை.

“என்ன அண்ணாச்சி இது?” என்று கேட்டால், “முன்னால ஓடைத் தண்ணிதான் சார் விட்டோம், கோர்ட்டுல தடை போட்டுட்டாங்கல்லா” என்கிறார். நீரோடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கும் தனியார் விடுதிகளுக்கு எதிராக 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது உண்மைதான். அதற்காக ஊரான் குளித்த தண்ணீரையா பிள்ளைகள் தலையில் ஊற்றுவது?

குதிரை ஒன்றே ஒன்று. ஒரு சுற்றுக்கு 200 ரூபாய் தனி. சேணத்துக்குக் கீழே முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஈ மொய்க்கிறது. சின்னவள் ஏறவே மாட்டேன் என்று அழுதுவிட்டாள், அங்கே விவரமான ஆள் அவள்தான். நாட்டுக்கோழி பிராய்லர்தான், கடித்ததுமே தெரிந்துவிட்டது, வீட்டில் கோழி வளர்க்கிற அத்தையிடமே அந்த வேலை.

கிளம்பும்போது ஒரு கிழிசல் சீட்டில் கணக்கு எழுதித் தந்தார்கள்: ஜெனரேட்டர் 800, விறகு 500. ஜெனரேட்டர் இருந்தால் அருவி ஏன் நின்றது என்று அத்தான் கேட்டார், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் பசியோடு காரில் உட்கார்ந்திருந்ததால் கொடுத்துத் தொலைத்தோம். முறையான பில் கிடையாது.

தனி அருவி என்று எவராவது சொன்னால் வீடியோ கால் போட்டு அதன் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்பதை மெசேஜில் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள்.

எங்கள் 3,000 இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஓனரிடமிருந்து தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.