பழைய ஜீப்பின் முன்சக்கர இழுவைக்கு நம்பிப் போகலாம்: தேவகோட்டை ரஸ்தா பட்டறை

முன்சக்கரம் இழுக்கவில்லை என்றதும், எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் பெட்டியைக் கழற்றாத மெக்கானிக் அபூர்வம். காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் உள்ள இந்தச் சிறு பட்டறைக்காரர் அப்படி ஒருவர்.

கண்மாய்ச் சேற்றில் என் ஜீப்பின் பின்சக்கரங்கள் மட்டுமே சுழன்றன. வேறோர் ஊரில் டிரான்ஸ்பர் கேஸையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். இவரோ, "முதலில் ஜாக்கி போட்டுப் பார்ப்போம், அண்ணே" என்றார். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, இடது முன்சக்கரத்தை மட்டும் தூக்கினார். எஞ்சினை அணைத்து, லிவரை நான்கு சக்கர நிலையில் வைத்து, முன்சக்கரங்களை அச்சோடு பூட்டும் இரண்டு ஹப்களையும் லாக்கில் திருப்பினார். பெட்டியிலிருந்து முன் அச்சுக்குச் சக்தி கொண்டுபோகும் முன்பக்கப் புரொப்பல்லர் ஷாப்டைக் கையால் முறுக்கினார், அசையவே இல்லை. ஆக, பெட்டி ஒழுங்காகப் பிடிக்கிறது. ஹப் பூட்டியிருந்தால் தூக்கிய சக்கரமும் அசையக் கூடாது; அதுவோ தங்குதடையின்றிச் சுற்றியது. கோளாறு ஹப்பில்தான்!

மூடியைத் திறந்தால் கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. பல்சக்கரத்தோடு சேர வேண்டிய வளையம் நகர வழியில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸை மெல்லப் பூசி, கேஸ்கெட்டையும் மாற்றினார். வலது பக்கத்தையும் கேட்காமலே திறந்து பார்த்தார். இந்த அக்கறைக்காகவே எவ்வளவு தூரமும் வரலாம்.

கூலி நியாயம். உதிரிபாகம் மட்டும் மதுரையிலிருந்து வர வேண்டும், காத்திருக்கத்தான் வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டினால் பற்களும் ஷாப்டும் முறுக்கேறிக் கெடும் என்று கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.