சைவ நூடுல்ஸுக்கு ருசி கூட்ட: ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எதை வாங்கலாம், எதை விடலாம்

பச்சைப் புள்ளி போட்ட நூடுல்ஸ் பாக்கெட் எதைப் பிரித்தாலும் காரத்துக்கும் உப்புக்கும் பஞ்சமில்லை. விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கி நிற்கும் கனமான ருசிதான் இருக்காது. அசைவ ராமெனில், அதாவது ஜப்பானிய சூப் நூடுல்ஸில், எலும்புச் சாறும் உலர்ந்த மீனும் கொடுப்பது அதைத்தான். மிளகாய்த்தூளை இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் மூக்கில் தண்ணீர் வரும், அந்த ருசி வராது. சைவத்தில் அதைத் தரும் பொருட்கள் உண்டு. அவற்றில் சில வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

மீதிக்கு டெல்லித் தமிழர்களுக்குப் பழகிய இடம் ஐ.என்.ஏ. மார்க்கெட். தில்லி ஹாட் கைவினைச் சந்தைக்கு எதிரே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற அதே சந்துகளில்தான் கொரிய, ஜப்பானியப் புட்டிகளும் அடுக்கியிருக்கும். மீன், கோழி வரிசையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.

வாங்குவதற்கு முன் லேபிள். இந்தியாவில் முட்டை சேர்ந்தாலே அசைவக் குறிதான். இப்போது அது பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம், பழைய பாக்கெட்டுகளில் வட்டம். இறக்குமதிப் பொருளில் பச்சைக் குறி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கலாம். குறியே இல்லாவிட்டால் பொருட்பட்டியலில் போனிட்டோ, ஆன்ச்சோவி (இரண்டும் மீன்), ஷ்ரிம்ப் (இறால்), லார்டு, டாலோ (இரண்டும் விலங்குக் கொழுப்பு) என்ற சொற்களைத் தேடுங்கள். 627, 631, 635 என்ற எண்களை மட்டும் வைத்து சைவமா அசைவமா என்று முடிவுக்கு வர முடியாது. இந்தச் சுவையூட்டிகளை மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவு போன்றவற்றைப் புளிக்கவைத்தும் எடுக்கலாம். 621, அதாவது நம் ஊர் வழக்கில் அஜினமோட்டோ, புளிக்கவைத்துச் செய்வது. அதில் சைவ அசைவச் சிக்கல் இல்லை. படத்தில் முட்டைக்கோஸ் மட்டும் தெரிகிற கிம்சி (கொரியக் காய்கறி ஊறுகாய்) டப்பாவில் பெரும்பாலும் இறால் அல்லது மீன் சாஸ் இருக்கும். தாய் கறி பேஸ்ட், வுஸ்டர் சாஸ் இரண்டும் அப்படித்தான். பச்சை மிளகாய் படத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

முதலில் வாங்க வேண்டியது உலர்ந்த ஷிடாக்கி காளான். இதில் உள்ள குவானிலேட் என்ற சுவைப்பொருளும் தக்காளி, சோயா சாஸில் உள்ள குளுட்டமேட் என்ற சுவைப்பொருளும் சேரும்போது ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. தனித்தனியே சுமாராக இருக்கும் இரண்டும் ஒன்றாகப் போனால் வேறு சாப்பாடு. தொப்பி தடிமனாக, உடைத்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது, ஜூலை, ஆகஸ்டில் திறந்த சாக்கில் வைத்து விற்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

சரியான வழி, மூன்று காளானை 300 மில்லி தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க ஊறவைப்பது. அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் காளான் மெத்தென்று ஆகிவிடும், ருசி இறங்காது. அந்தக் குவானிலேட்டை உண்டாக்கும் நொதி கொதிநீரில் செத்துவிடுவதுதான் காரணம். காலையில் காளானைப் பிழிந்து நறுக்கி, ஊறிய தண்ணீரை அடியில் உள்ள மண்டியை விட்டுத் தெளிவாக இறுத்து, அதிலேயே நூடுல்ஸை வேகவையுங்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் பொடி செய்து வைக்கலாம். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, 50 கிராம் தொப்பிகளை வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, நன்றாக ஆறியபின் மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்துச் சலிக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஜாரில் ஆவி கோத்துப் பொடி கட்டியாகும். ஒரு பாக்கெட்டுக்கு அரை டீஸ்பூன் போதும், தண்ணீர் கொதிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். கடைசியில் தூவினால் பல்லில் மணலாக நெறுநெறுக்கும். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் கசக்கும், குழம்பு சேற்று நிறமாகும்.

அடுத்தது சோயா சாஸ். லேபிளில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்ற நாலு பெயர் மட்டும் இருந்தால் எடுங்கள். கேரமல் நிறமும் நீராற்பகுத்த புரதமும் (ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன்) பட்டியலில் முன்னால் நின்றால் உப்பும் கருப்பும்தான் மிஞ்சும். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 0.8 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஆகவே சோயா சாஸ் ஊற்றினால் பாக்கெட் மசாலாவில் பாதியை மடித்து வைத்துவிட வேண்டும். 'ருசி கூட்டினேன், ஒரே கரிப்பு' என்று புலம்புகிறவர்கள் செய்யத் தவறுவது இந்த ஒன்றுதான்.

கொச்சுஜாங், கொரிய மிளகாய் விழுது, சிறிய டப்பா போதும். ஒரு டீஸ்பூனை இரண்டு டீஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். அப்படியே போட்டால் ஒரு வாயில் இனிப்புக் கட்டி, மறு வாயில் ஒன்றுமில்லை. கூடவே எள்ளெண்ணெய்ப் புட்டியையும் நீட்டுவார்கள். அது வறுத்த எள்ளில் எடுத்தது, நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. ஆனால் ஒரு டீஸ்பூன் எள்ளை வெடிக்கும்வரை வறுத்து, இடித்து, அடுப்பை அணைத்ததும் தூவினால் அந்த வாசனை வந்துவிடும். புட்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

காசே இல்லாத பொருட்களில் முதல் இடம் தக்காளிக்கு. நடுத்தர அளவில் ஒன்றைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயத்தோடு நாலைந்து நிமிடம் வதக்குங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும், அதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் பச்சைத் தக்காளி வாடைதான். தக்காளியும் கொஞ்சம் நீர் விடும், அதனால் பாக்கெட் சொல்லும் அளவில் இரண்டு மேஜைக்கரண்டி குறையுங்கள்.

பொடிகளில் ஆள் பார்த்து வேலை கொடுக்க வேண்டும். ரசப்பொடி கால் டீஸ்பூன், அந்தத் தக்காளி எண்ணெயில் பத்து நொடி புரட்டினால் பிரமாதம். சாம்பார் பொடி வேண்டாம். அதில் உள்ள பருப்பும் மல்லியும் வேக ஐந்து நிமிடமாவது கொதிக்க வேண்டும், நூடுல்ஸ் அதற்குள் களியாகிவிடும். இட்லி மிளகாய்ப்பொடியும் பருப்புப்பொடியும் வறுத்து அரைத்தவை. தண்ணீர் வற்றிய நூடுல்ஸில் ஒரு டீஸ்பூன் நெய்யோடு கடைசியில் பிரட்டினால் கடையில் வாங்கும் எந்த மசாலாவும் கிட்டே நிற்காது. எலுமிச்சை எப்போதும் அடுப்பை அணைத்த பிறகே. கொதியில் பிழிந்தால் கசக்கும். பல நூடுல்ஸ்களில் விறைப்புக்காகச் சேர்க்கும் காரத்தன்மையுள்ள உப்புகளை அமிலம் முறித்து இழையையும் தொளதொளக்க வைக்கும். வாய் வாய் (Wai Wai) பிராண்டு போல மசாலா ஏற்றிப் பொரித்து வரும் பழுப்பு நூடுல்ஸ் என்றால் சோயா சாஸே தேவையில்லை. உப்பு இழையிலேயே இருக்கிறது.

கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசி, கொரியக் கடையில் தாசிமா என்று கேளுங்கள், விலை அதிகம். பாக்கெட் மசாலா போடும் நூடுல்ஸுக்கு அது வீண், வெங்காய பூண்டுத் தூளின் சத்தத்தில் அதன் குரல் கேட்காது.

ஆனால் வெங்காயம், பூண்டு, காளான் மூன்றும் ஆகாத வீடுகள் உண்டே. பாக்கெட் மசாலாக்களில் பெரும்பாலும் முதல் இரண்டும் இருக்கும், பிரிக்காமலே ஒதுக்க வேண்டியதுதான். அங்கே கொம்பு வாங்கலாம். 10 கிராமை ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, சிறுதீயில் ஏற்றி, அடியில் குமிழ் கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். போர்வெல் தண்ணீரில் சாறு சரியாக இறங்காது. இந்தத் தண்ணீர் 250 மில்லி, மேலே சொன்ன தக்காளி வதக்கல், அரை டீஸ்பூன் மிளகு சீரகப் பொடி, கால் டீஸ்பூன் உப்பு. நூடுல்ஸ் கட்டியிலேயே கொஞ்சம் உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகே கூட்டுங்கள். மீதித் தண்ணீர் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், மறுநாள் ரசத்துக்கும் ஊற்றலாம்.