குழந்தையின் காய்ச்சல் மருந்து: கடையில் எழுதித் தரும் அளவை நம்பிவிடாதீர்கள்

12 கிலோ எடையுள்ள எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, வழக்கமாகக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் தீர்ந்திருந்ததால், அதன் காலிப் பாட்டிலையே மருந்துக் கடையில் காட்டிக் கேட்டேன். அது இருப்பில் இல்லை என்ற கடைக்காரர், வேறொரு பாட்டிலை அட்டைப்பெட்டிகூட இல்லாமல் எடுத்து வைத்து, "மருந்து அதேதான், கம்பெனிதான் வேறு, வழக்கம்போல 6 மி.லி. மூன்று வேளை கொடுங்கள்" என்றார். மூக்கும் ஒழுகுகிறது என்று சொன்னதற்கு, 5 மி.லி. கொடுக்கச் சொல்லிச் சளி சிரப் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். குழந்தையின் எடை என்ன, வேறு மருந்து ஏதும் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்விகூட அவரிடமிருந்து வரவில்லை.

வீட்டில் பாட்டிலைப் பார்த்தபோது, அளவை எழுதி அவர் ஒட்டிய ஸ்டிக்கர், 5 மி.லி.யில் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்று அச்சிடப்பட்ட வரியின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்த பிறகே அது 250 மி.கி. என்று தெரிந்தது; காலிப் பாட்டிலில் இருந்ததோ 125. போதாக்குறைக்கு, சளி சிரப்பின் லேபிளிலும் பொடி எழுத்தில் பாராசிட்டமால் 125 மி.கி. என்று இருந்தது. அவர் சொன்னபடி இரண்டையும் கொடுத்திருந்தால், ஒரு வேளைக்கு 150 மி.கி. போக வேண்டிய இடத்தில் 425 மி.கி. போயிருக்கும்.

பாராசிட்டமாலை ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம். ஒரு நாளில் கிலோவுக்கு 75 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கடைக்காரரின் கணக்குப்படி எங்கள் குழந்தைக்கு அது 106 மி.கி. ஆகியிருக்கும். ஒரு வேளையோடு நின்றிருந்தால் பெரும்பாலும் தீங்கு நேராது என்றாலும், காய்ச்சல் விடவில்லையே என்று அதே அளவை நாள்தோறும் தொடர்ந்திருந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

மறுபடி போய்க் கேட்டபோது, "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்ற பதிலே கிடைத்தது. மருந்தாளுநரிடம் பேச வேண்டும் என்றால், அவர் மாலையில்தான் வருவாராம். விற்றதைத் திரும்ப எடுக்க மறுத்தவர், இன்னும் வேகமாகக் கேட்கும் என்று மூன்றாவதாக ஒரு சிரப்பை நீட்டினார். அதில் பாராசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபென் என்ற வேறொரு காய்ச்சல் மருந்தும் கலந்திருந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் ஐபுப்ரோஃபென் கொடுக்கக் கூடாது. வாந்தி பேதியால் உடலில் நீர் வற்றியிருந்தாலோ, அம்மை போட்டிருந்தாலோ, டெங்கு என்ற சந்தேகம் இருந்தாலோ அதைத் தவிர்க்க வேண்டும். இவற்றில் எதையும் விசாரிக்காமல் அதை விற்க முன்வந்ததுதான் எனக்கு முதல் தவறைவிடப் பெரிதாகத் தோன்றியது. (ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி அதனால் வரக்கூடும்.) மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறேன்.

ஒரே மருந்து பல செறிவுகளில் விற்கப்படுவதே இந்தக் குழப்பத்தின் வேர். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருப்பதுண்டு, அதைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. ஆகிவிடும். இத்தகைய தவறுகள் நேர்ந்ததால்தான், அமெரிக்காவில் 2011இல் மருந்து நிறுவனங்கள் குழந்தைகளுக்கான திரவ பாராசிட்டமாலை 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்கு மாற்ற முன்வந்தன. எனவே புதுப் பாட்டில் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் 'எத்தனை மி.லி.' என்பதற்கு முன்னால் 'எத்தனை மி.கி.' என்று பாருங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, வீட்டுக் கரண்டியால் அல்லாமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்; வீட்டில் இருவர் மாறி மாறிக் கவனிக்கும்போது ஒரே வேளையை இருவரும் கொடுத்துவிடுவது சர்வ சாதாரணம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் எட்டினாலே, கடைக்குப் போகாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவு கூடிவிட்டதாகத் தெரிந்தால், குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் மிகுதியானதன் அறிகுறிகள் முதல் நாள் முழுவதும் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதன் நச்சை முறிக்கும் மருந்தோ முதல் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். கொடுத்த எல்லாப் பாட்டில்களையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.