ஏழு வருடம் அதே சிப்: காமடோரையும் போட்டியாளர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

காமடோர் நிறுவனத்தின் அமிகா கணினி ஏன் செத்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: காமடோருக்கு விற்கத் தெரியவில்லை. அது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் மற்றவர்கள் ஆராய்ச்சிக்கு என்ன செய்தார்கள் என்று சேர்த்துப் பார்த்தால், விற்பனைப் பிரிவின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

1985 ஜூலையில் அமிகா 1000 வந்தபோது அதில் 4096 வண்ணங்களில் இருந்து தேர்ந்தெடுக்கும் வசதி, நான்கு சேனல் ஸ்டீரியோ ஒலி, ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் இயங்குதளம் எல்லாம் இருந்தன. ஆப்பிளின் மேக் அப்போது கறுப்பு வெள்ளை, ஐபிஎம் பிசி 'பீப்' என்று கத்தும். ஆனால் இந்த முன்னிலை காமடோர் தானே உழைத்துச் சேர்த்தது அல்ல. சிப் வடிவமைப்பாளர் ஜே மைனரின் குழு தனி நிறுவனமாக இருந்து உருவாக்கியதை 1984ல் விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய இரண்டே வருடத்தில், 1986ல், அந்தக் குழு இருந்த லாஸ் கேட்டோஸ் அலுவலகத்தை மூடியும் விட்டார்கள். மைனர் அடுத்து வரைந்து வைத்திருந்த 'ரேஞ்சர்' சிப்செட் (ஒன்றாக வேலை செய்யும் சிப்களின் தொகுதி) வெளியே வரவே இல்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1987ல் வந்த அமிகா 500, 2000 இரண்டிலும் அதே தலைமுறை சிப்கள். 1990ன் 3000ல் 68030 புராசஸர் வந்தது, ஆனால் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வண்ணங்களின் எண்ணிக்கை 1985ல் இருந்த இடத்திலேயே. 1992 மார்ச்சில் 600 என்ற பெயரில் பழைய 7 மெகாஹெர்ட்ஸ் 68000 புராசஸரையே புதுப் பெட்டியில் போட்டு பிரிட்டனில் 399 பவுண்டுக்கு விற்றார்கள், அதே வருடம் அக்டோபரில் திரையில் ஒரே நேரத்தில் 256 வண்ணம் தரும் ஏஜிஏ சிப்செட்டோடு 1200ஐ அதே 399 பவுண்டுக்கு இறக்கினார்கள். இடையில் 600 வாங்கியவர்களுக்கு வயிறு எரியாதா? ஒலிக்கான பாலா சிப் மட்டும் கடைசி வரை மாறவே இல்லை.

பிசி பக்கம் வந்தால், ஒரே நிறுவனம் எல்லா ஆராய்ச்சிச் செலவையும் சுமக்க வேண்டியதில்லை. ஐபிஎம் 1987ல் விஜிஏ என்ற கிராபிக்ஸ் தரத்தைக் கொடுத்தது, 1989ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தது, கிராபிக்ஸ் கார்டு செய்யும் கம்பெனிகள் ஒன்றையொன்று முந்த அடித்துக்கொண்டன. விஜிஏவின் 256 வண்ண முறையில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், அவ்வளவுதான். அமிகாவிலோ ஒரு பிக்சலின் பிட்கள் தனித்தனித் தளங்களில் சிதறிக் கிடக்கும், ஏஜிஏவில் 256 வண்ணம் வேண்டுமென்றால் எட்டு இடங்களைத் தொட வேண்டும். 1985ல் நினைவகத்தை மிச்சப்படுத்திய புத்திசாலித்தனம் அது. 1993 டிசம்பரில் பிக்சல் பிக்சலாக வரையும் டூம் விளையாட்டு வந்தபோது அதுவே காலைக் கட்டியது. இதைச் சரிசெய்யும் ஏஏஏ சிப்செட் வேலையை 1988லேயே தொடங்கியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஆப்பிள் பணத்தைக் கொட்டியது. 1993ல் மட்டும் ஆராய்ச்சிக்கு 66 கோடி டாலர், விற்பனையில் 8 சதவீதம். அதில் நிறைய வீணாகவும் போனது, 'பிங்க்' இயங்குதளத் திட்டம் ஒன்று போதும் சாட்சிக்கு. இருந்தாலும் 1994 மார்ச்சில் புதிய பவர்பிசி புராசஸர் கொண்ட மேக்குகளை இறக்க முடிந்தது.

அட்டாரிக்கும் காமடோரின் அதே நோய்தான். காமடோரை விட்டு வெளியேறிய அதன் நிறுவனர் ஜாக் டிராமியேல்தான் 1984ல் அட்டாரியை வாங்கினார். 1985ன் எஸ்டி கணினி மலிவு, அதிலிருந்த, இசைக் கருவிகளை இணைக்கும் மிடி போர்ட்டால் இசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உருப்படியான அடுத்த படியான ஃபால்கன் வர 1992 ஆனது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

என் வாதத்தின் மையம் ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனம். கேம்பிரிட்ஜில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஒரு சிறு குழுவோடு சொந்தமாக ஒரு புராசஸரையே வடிவமைத்தார்கள்; முதல் ஏஆர்எம் சிப் 1985 ஏப்ரலில் ஓடியது. அந்தக் குழுவுக்குப் பணமும் தரவில்லை, ஆளும் தரவில்லை என்று ஏகார்னின் நிறுவனர்களில் ஒருவரான ஹெர்மன் ஹவுசரே பின்னாளில் பெருமையாகச் சொன்னார். அதே 1985ல் நிறுவனமே தள்ளாடி இத்தாலிய நிறுவனமான ஒலிவெட்டி கைக்குப் போனது, ஆனாலும் அந்த வேலையை யாரும் நிறுத்தவில்லை, 1987ல் ஆர்க்கிமிடீஸ் கணினியாகக் கடைக்கு வந்துவிட்டது. ஏகார்னுக்குச் சொந்த சிப் ஆலைகூடக் கிடையாது, விஎல்எஸ்ஐ நிறுவனம்தான் செய்து கொடுத்தது.

காமடோருக்கு ஆலை இருந்தது! 1976லேயே மாஸ் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தை வாங்கியவர்கள். அந்த ஆலையில் போதிய முதலீடு செய்யாமல் விட்டதால், ஏஜிஏவின் லீசா சிப்பை ஹெச்பியிடம் கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. எனவே பணமில்லை, சின்னக் கம்பெனி என்ற சமாதானம் எடுபடாது. தலைவர் இர்விங் கூல்டும் நிர்வாகி மெஹ்தி அலியும் கணினித் துறையில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் இருவர். டேவ் ஹேனி போன்ற பொறியாளர்கள் ஏஜிஏவையும் ஒலி போன்ற சிக்னல்களைக் கையாளும் ஒரு டிஎஸ்பி சிப்பையும் வைத்து 3000 பிளஸ் என்ற இயந்திரத்தை 1991லேயே சோதனையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் அதை நிறுத்தியது.

1993 நிதியாண்டில் நஷ்டம் 35 கோடி டாலரைத் தாண்டியது. ஏஏஏ சோதனைப் பலகைகளோடு நின்றுபோனது. 1994 ஏப்ரல் 29ல் காமடோர் கடையைக் கட்டியது.