வரப்பில் எந்த விறகு மரம்?

கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கிராமத்தில் விறகுதான். அதை வீட்டு வரப்பிலேயே வளர்த்துக்கொள்ள எந்த மரம் நல்லது?

கடலூர் பக்கம் கேட்டால் சவுக்கு என்பார்கள். ஏக்கருக்கு சுமார் 4,000 கன்று, மூன்று நான்கு வருடத்தில் வெட்டு, மொத்தமாகக் கையில் பணம். பச்சையாகவே எரியும், வேர்க்கட்டைகூட விலை போகும். காசுக்கு என்றால் மறுபேச்சில்லை. ஆனால் அடிக்கட்டையிலிருந்து சரியாகத் தழையாது. வெட்டியதும் மறுபடி கன்று, மறுபடி தண்ணீர். லாரி ஏறியது போக அடுப்புக்கு மிஞ்சுவது மிலாறு, அதாவது சுள்ளிதான். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது நின்ற சவுக்கெல்லாம் சாய்ந்து கிடந்ததையும் மறக்க முடியவில்லை.

அடுப்புக்கு நான் சொல்வது, தழை உரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியா மரம். மழை தொடங்கியதும் ஒரு போத்தை, அதாவது கிளைத் துண்டை, வெட்டி ஊன்றினால் போதும், கன்றுச் செலவே இல்லை. நன்றாக வேர் பிடித்த பின் இடுப்பளவில் வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்து, கைப்பிடிக்குள் அடங்கும் கழிகளாக நீளும். அரிவாளால் ஒரே வெட்டு. கோடாலி வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம். விறகு சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் தனியாக வெட்டி எடுக்க முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தழையை வயலில் போட்டு மிதித்தால் உரம். ஒரு குறை, போத்தில் வந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காது. வறண்ட மேட்டு நிலம் என்றால் விதை போட்டு வளர்ப்பது நல்லது.

ஆடு மாடு இருந்தால் சவுண்டல் (சூபாபுல்) மரமும் வைக்கலாம். வெட்ட வெட்டத் தழையும், கட்டையும் கெட்டி. ஆனால் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், மீறினால் மாட்டுக்கு முடி கொட்டும். காயை முற்ற விட்டால் விதை விழுந்து களையாகிவிடும்.

சீமைக்கருவேலின் அனல் பிரமாதம், ராமநாதபுரத்துக் கரிமூட்டங்களே சாட்சி. இருந்தாலும் நட்டுவிடாதீர்கள். காய் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தோடு பக்கத்து நிலத்துக்கும் போகும்.

அப்புறம், கிளைரிசிடியாவைச் சவுக்கு மாதிரி பச்சையாக அடுப்பில் வைக்கக் கூடாது. தாழ்வாரத்தில் அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள். ஈரக் கழியின் புகை ஊதுகிறவர் கண்ணில்தான் போகும்.