அப்டேட்டட்-அட்: ஆப் எழுதட்டுமா, டேட்டாபேஸே எழுதட்டுமா?

பதிவு மாறியிருக்கிறது, ஆனால் அது கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் அப்டேட்டட்-அட் நெடுவரிசை போன வாரத்து நேரத்தையே காட்டுகிறது. இப்படி ஒரு டேபிளைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆப் கோடைத்தான்.

பைத்தானில் வலை ஆப் எழுத உதவும் ஜாங்கோவில் ஆட்டோ_நவ் என்று ஒரு சொல் எழுதினால் போதும், வசதிதான். ஆனால் அது பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேமிக்கும் சேவ் வழியாகப் போகும் மாற்றங்களுக்கு மட்டுமே வேலை செய்யும். குவெரிசெட்டில் (பல பதிவுகளின் தொகுப்பில்) அப்டேட் அழைத்து ஆயிரம் பதிவுகளை மொத்தமாக மாற்றினால் நேரம் அசையாது. ரூபி மொழியில் இதே வேலைக்கு இருக்கும் ரெயில்ஸின் அப்டேட்_ஆல் கதையும் ஏறக்குறைய அதுதான். நள்ளிரவில் ஒருவர் டேட்டாபேஸில் நேரடியாக எஸ்கியூஎல் கட்டளை எழுதித் திருத்தினால் ஆப்புக்கு அது தெரியவே தெரியாது.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் டேபிள் வரையறையிலேயே ஆன் அப்டேட் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் என்று எழுதிவிடலாம். எந்த வழியாக மாற்றினாலும் நேரம் பதிவாகும். மற்ற மதிப்புகள் உண்மையில் மாறாவிட்டால் நேரத்தையும் தொடாது. எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. ஆனால் பழைய டேபிள்களை எச்சரிக்கையோடு திறந்து பாருங்கள். பதிப்பு 8.0-க்கு முந்தைய இயல்பு அமைப்பில், எதுவும் குறிப்பிடாமல் விட்ட முதல் டைம்ஸ்டாம்ப் நெடுவரிசைக்கு இந்தக் குணம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அது ஆர்டர் போட்ட தேதியாக இருந்தால், முகவரியைத் திருத்தும்போதெல்லாம் ஆர்டர் தேதி அழிந்து புதிதாகிவிடும். டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-உடன் முடிந்தும் போகிறது. டேட்டைம் என்ற இன்னொரு நேர வகைக்கு அந்த எல்லை இல்லை, ஆனால் அது யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றிச் சேமிக்காது. செஷனின் (டேட்டாபேஸ் இணைப்பின்) நேர மண்டலத்தை நீங்கள்தான் யுடிசியில் நிறுத்த வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இந்த ஆன் அப்டேட் கிடையாது, பதிவு மாறும்போது ஒரு ஃபங்ஷனைத் தானாக ஓட்டும் டிரிக்கர்தான் வழி. ஃபங்ஷன் ஒன்று போதும், ஆனால் ஒவ்வொரு டேபிளிலும் டிரிக்கரைக் கட்ட வேண்டும். புதிய டேபிளில் மறந்துபோவது சகஜம். மதிப்பு மாறாத அப்டேட்டுக்கும் டிரிக்கர் ஓடும். வேண்டாமென்றால் பழைய பதிவும் புதியதும் வேறா என்று வென் நிபந்தனையில் கேட்கலாம்.

என் தேர்வு டேபிளில் இருக்கும் விதிதான். மைஎஸ்கியூஎல் என்றால் ஆன் அப்டேட், போஸ்ட்கிரெஸ் என்றால் டிரிக்கர், அதையும் டேபிள் அமைப்பின் மாற்றங்களை எழுதிவைக்கும் மைக்ரேஷன் கோப்பிலேயே வைத்து. ஒரே ஒரு ஆப் மட்டும் தொடும் சிறிய டேபிளுக்கு ஜாங்கோ வழி போதும்.

ஆனால் இந்த நேரத்தை நம்பி வேறு சிஸ்டத்துக்கு டேட்டா நகர்த்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸின் நவ் தருவது டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேமிக்கப்படும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரம். 10:00 மணிக்குத் தொடங்கி 10:07-க்கு கமிட் ஆன, அதாவது மற்றவர்களுக்குத் தெரியும்படி உறுதியான, பதிவில் 10:00 என்றே இருக்கும். உங்கள் சிங்க் (டேட்டாவை நகர்த்தும் வேலை) 10:05-க்கு ஓடிவிட்டு, அடுத்த முறை 10:05-க்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டால் அந்தப் பதிவு சத்தமின்றி விடுபட்டுப்போகும். அந்தக் கணத்து நேரத்தைத் தரும் கிளாக்_டைம்ஸ்டாம்ப் போட்டாலும் தப்ப முடியாது, கமிட் அதற்கும் பின்னால்தானே நடக்கிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் மிக நீண்ட டிரான்சாக்ஷனைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய் எடுங்கள். ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் பாதிக்காதபடி எழுதும் பக்கத்தை அமையுங்கள்.