ஒரே வாள், ஐந்து விதிப்புத்தகம்: தகடூர்க் கொல்லனுக்கு எது ஒத்துவரும்?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டை, தகடூர் நாட்டைக் களமாக வைத்து தர்மபுரியில் விளையாடினால், "இந்த வாளை நாமே பண்ணிக்கலாமா?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று தொண்டைமானிடமே ஔவை சொன்ன நாடு இது. பட்டறையை விட்டுவிட்டு இங்கே கதை நகராது. ஆனால் எந்தப் புத்தகத்தை விரிக்கிறோமோ அதைப் பொறுத்து யார் கொல்லன் ஆகலாம் என்பதே மாறிவிடும். சாதாரண +1 நீள்வாளை (உருட்டலில் 1 கூட்டித் தரும் மந்திர வாள்) வைத்தே எல்லாவற்றையும் உரசிப் பார்க்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 (2003) கறார் கணக்குக்காரர். மந்திர ஆயுதம், கவசம் செய்வதற்கான ஃபீட் (சிறப்புத் திறமை) வேண்டும். அதை எடுக்க மந்திரம் போடுபவராக 5-ஆம் நிலை வேண்டும். முதலில் மாஸ்டர்வொர்க் (உயர்தர) வாள்: வாளுக்கு 15 பொன், தரத்துக்கு 300. +1 சக்தியின் சந்தை விலை 2000. அதில் பாதி, அதாவது 1000 பொன், மூலப்பொருளுக்கு. சந்தை விலையில் 25-ல் ஒரு பங்காக 80 எக்ஸ்பி (நிலை உயரச் சேர்க்கும் அனுபவப் புள்ளி). ஆயிரத்துக்கு ஒரு நாள் வீதம் 2 நாள். +2 என்றால் விலை 8000-க்குத் தாவும், எக்ஸ்பி 320 ஆகும். இடிப்பது இந்த எக்ஸ்பிதான். வாளைச் சுழற்றுவது வீரன், அனுபவத்தை இழப்பது மந்திரவாதி. நாலு வாள் முடிவதற்குள் குழுவுக்குள் முணுமுணுப்பு தொடங்கிவிடும். 2009-ல் வந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பு இந்த எக்ஸ்பி செலவைத் தூக்கி எறிந்தது நல்ல காரியம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் (கதை நடத்துபவருக்கான புத்தகம்) அதே வாளுக்கு 500 பொன். ஒருவர் நாளுக்கு 25 பொன் அளவு வேலைதான் முடிப்பார். ஆக 20 நாள். இதுவரை பரவாயில்லை. அரிமைப் படியில் இந்த வாள் 'அன்காமன்'. அடுத்த படியான 'ரேர்' பொருளுக்கு 5000 பொன், 200 நாள். 'லெஜண்டரி' என்றால் 5 லட்சம் பொன், 20,000 நாள். 54 வருஷத்தைத் தாண்டும்! 17-ஆம் லெவல் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் 13 வருஷத்துக்கு மேல் ஆகும். ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்புக் கணக்கு) இல்லாதவர் செய்யவே முடியாது என்பதால் கொல்லனுக்குக் கதவு சாத்திவிடுகிறது. விதி எழுதினார்களா, 'பண்ணாதே' என்று நாசூக்காகச் சொன்னார்களா என்று சந்தேகம் வரும்.

அதே பதிப்புக்கு 2017-ல் வந்த துணைப் புத்தகமான ஸனாத்தர்ஸ் கைடு இதைத் திருப்பிப் போட்டது. வாளுக்கு 200 பொன், 2 வேலைவாரம். ஒரு வேலைவாரம் 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம். பொருத்தமான கருவியில் தேர்ச்சியோ, ஆர்க்கானா என்ற மந்திர அறிவுத் தேர்ச்சியோ, ஏதாவது ஒன்று போதும். உலையும் சுத்தியலும் தெரிந்த கொல்லனே மந்திர வாள் வடிக்கலாம். கூடவே ஒரு ஃபார்முலாவும் (செய்முறைக் குறிப்பு) ஓர் அரிய மூலப்பொருளும் வேண்டும். இந்த மூலப்பொருள்தான் விதியின் உயிர். 'அன்காமன்' பொருளுக்கு சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் வலிமை எண்) 4 முதல் 8 வரை உள்ள உயிரினத்தோடு மோதித்தான் அதை எடுக்க முடியும். 'ரேர்' என்றால் 9 முதல் 12, 'வெரி ரேர்' என்றால் 13 முதல் 18.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பில் அதற்குப் பக்கத்தில் வருவது பொஷன் ஆஃப் லாஞ்செவிட்டி, 'வெரி ரேர்'. உபயோகித்தால் தீர்ந்துபோகும் பொருளுக்குச் செலவும் நேரமும் பாதி என்பதால் 10,000 பொன், பன்னிரண்டரை வேலைவாரம். மலைப்பிளவில் கனி, அதைக் காக்க 13 முதல் 18 வரை ரேட்டிங் உள்ள ஏதோ ஒன்று. நாலு செஷனுக்குத் தாங்கும். சிக்கல் விதியும் உண்டு: ஐந்து வேலைவாரத்துக்கு ஒரு முறை 10 சதவீத வாய்ப்பு. 2 வாரத்தில் முடியும் வாள் அதில் மாட்டாது, நெல்லிக்கு இரண்டு முறை உருட்ட வேண்டும். குடிப்பவரும் கவனிக்க வேண்டும். முதல் முறை 1d6+6 (ஓர் அறுமுகப் பகடையின் எண்ணோடு 6) வயது குறையும். அடுத்தடுத்த முறை வயது கூடிவிடும் ஆபத்து பத்துப் பத்து சதவீதமாக ஏறும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பில் வாளுக்கு அதே 200 பொன், 10 நாள். ஆர்க்கானாவும் வேண்டும், கருவித் தேர்ச்சியும் வேண்டும். உதவியாள் சேர்ந்தால் நாள் பாதியாகும். மூலப்பொருள் வேட்டை போய்விட்டது. சுத்தம், ஆனால் சப்பென்று இருக்கிறது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) வேறு சாதி. அங்கே +1 என்பது வாளில் பொறிக்கும் ரூன் (மந்திர எழுத்து), விலை 35 பொன். இதை மற்ற புத்தகங்களின் பொன்னோடு ஒப்பிட வேண்டாம். புது வீரன் கையில் இருப்பதே 15 பொன்தான். கிராஃப்டிங் (கைவினை) திறனில் எக்ஸ்பர்ட் படிக்கு ஏறி, மேஜிக்கல் கிராஃப்டிங் ஃபீட்டும் வாங்கினால் மந்திரம் தெரியாத கொல்லனும் பொறிக்கலாம். பாதி விலை, பதினேழரைப் பொன், முதலில் போட வேண்டும். 4 நாள் வேலை. 2023 ரீமாஸ்டரில் (திருத்திய வடிவம்) 2 நாள், ஃபார்முலா கையில் இருந்தால் 1 நாள். பிறகு இலக்கு 16-க்கு உருட்டல்: பகடை எண்ணோடு திறனைக் கூட்டி 16-ஐத் தொட வேண்டும். படுதோல்வி என்றால் போட்ட பொருளில் 10 சதவீதம் போகும்.

பலர் ஏமாறுவது அடுத்த படியில். மீதிப் பாதியை மிச்சம் பிடிக்க மேலும் வேலை செய்யலாம். ஆனால் 3-ஆம் லெவல் ஆளுக்கு நாளுக்கு 5 வெள்ளிதான் கழியும். பதினேழரைப் பொன் என்பது 175 வெள்ளி. முழுதும் கழிய 35 நாள். ஆகவே கடையில் கிடைத்தால் வாங்கிவிடுவதே லாபம். ஊருக்கும் ஒரு லெவல் உண்டு, அதற்கு மேற்பட்ட பொருள் சாதாரணமாகக் கடையில் கிடைக்காது. அஞ்செட்டி மாதிரி சிற்றூரில் கதை நடந்தால்தான் இந்த விதிக்கு மதிப்பு. அதைவிட அழகானது ரூனை இடம் மாற்றும் விதி: விலையில் 10 சதவீதம், ஒரு நாள். நடுகல் வீரனின் துருப்பிடித்த வாளிலிருந்து பேரனின் புது வாளுக்கு மூன்றரைப் பொன்னில் சக்தியை மாற்றிவிடலாம்.

ஓசூர் ஷிப்டுக்கும் பெங்களூரு வேலைக்கும் நடுவே மாதம் ஒரு முறை கூடும் குழுவுக்கு எங்கள் பரிந்துரை: நாள் கணக்கும் செலவும் 2024-லிருந்து, தேர்ச்சி நிபந்தனையும் மூலப்பொருள் அட்டவணையும் 2017-லிருந்து, ரூன் மாற்றத்தை 20 பொன், ஒரு நாள் என்று வீட்டு விதியாகச் சேர்க்கலாம். செஷனுக்கு வராதவரின் கதாபாத்திரத்தைப் பட்டறையில் உட்கார்த்தி, கதைக்குள் நகரும் நாட்களை அவர் கணக்கில் கழியுங்கள். மூலப்பொருளை மட்டும் அவர் இல்லாதபோது வேட்டையாட வேண்டாம்.